பூசணிக்குள் போன சாவிகள்

குவாண்டம் பிரிவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டதற்கு ஒரே காரணம், அன்றைக்கு நான் கூட்டத்துக்கு லேட்டாகப் போனதுதான். எங்கள் கம்பெனி வழக்கம் அது. அறையில் யார் இல்லையோ அவர் தலையில் புது வேலை விழும். நான் கதவைத் திறந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் சேர்ந்து தட்டினேன்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். கோயம்புத்தூரில் பம்பும் மோட்டாரும் செய்கிற இடம் என்றால் தெருவுக்கு நாலு உண்டு. அதில் கொஞ்சம் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பெயர் கோகிலவாணி. தோட்டத்துக்குப் போகாமலே போனில் மோட்டாரை ஓட விடுவதற்கு ஒரு கன்ட்ரோலர் இருக்கிறதல்லவா, அந்தப் பிரிவில் பதினாறு வருடம் குப்பை கொட்டியவள். 2039-ல் எங்கள் எம்.டி. கிருபாகரன் சிங்கப்பூரில் ஒரு கருத்தரங்குக்குப் போனார். போகும்போது நன்றாகத்தான் இருந்தார். திரும்பி வரும்போது, "நாமளும் குவாண்டம் பண்றோம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"பண்ணலாங்க சார். எதுக்குன்னு சொன்னீங்கன்னா தேவலை," என்றேன்.

"அதைக் கண்டுபிடிக்கத்தானுங்க உங்களைப் போட்டிருக்கு."

இப்படித்தான் ஆரம்பித்தது. ஐந்து பேர் கொண்ட குழு, கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறை, வாசலில் ஒரு பலகை. குவாண்டம் கம்ப்யூட்டர் என்கிற அந்த மிஷினை நாங்கள் வாங்கவில்லை. வாங்குவதென்றால் கம்பெனியை விற்றுவிட்டுத்தான் வாங்க வேண்டும். பெங்களூரில் ஒரு மையம் மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது. ஆலோசகர்கள் வந்து மூன்று வருடத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். நூற்று நாற்பது பக்கம். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஓர் அம்பு மேலே போய்க்கொண்டிருந்தது.

முதல் வருடம் லாரிகளை எந்த வழியாக அனுப்பினால் டீசல் மிச்சமாகும் என்று மிஷினிடம் கேட்டோம். அது சொன்ன வழிக்கும், டெஸ்பாட்ச் ராக்கியப்பன் வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்ன வழிக்கும் வித்தியாசம் ஒன்றரை சதவீதம். அதுவும் தாராபுரம் ரோட்டில் பாலம் வேலை நடப்பது மிஷினுக்குத் தெரியாது. இரண்டாவது வருடம், பம்புக்குள் சுழலும் இறக்கைக்குப் புது வடிவம் கேட்டோம். பார்க்கப் பார்க்க அழகாக ஒன்றைக் கொடுத்தது. வார்த்தால் அச்சிலிருந்து கழற்றவே முடியாது என்று பவுண்டரியில் சிரித்தார்கள். டைரக்டர்கள் எங்களுக்கு ஆறு மாதம் கெடு வைத்தார்கள். உருப்படியாக ஏதாவது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி அறை மறுபடியும் ஸ்டோர் ரூம்.

குழுவில் உண்மையிலேயே விஷயம் தெரிந்தவள் ஷமீமா. கோட்டைமேட்டுப் பெண், இயற்பியலில் முனைவர். கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை கூடிவிடும். அன்றைக்கு மரியாதை ரொம்பக் கூடியிருந்தது.

"மேடம் அவர்களே, ரெண்டு வருஷமா நாம தப்பான கேள்வியைக் கேட்டுட்டு இருக்கோம். இந்த மிஷின் இப்போதைக்குச் சந்தேகமே இல்லாம செய்யற வேலை ஒண்ணே ஒண்ணுதான்."

"என்னது?"

"பூட்டு உடைக்கும்."

"கதவுப் பூட்டா?"

"கம்ப்யூட்டர் பூட்டு. ரெண்டு பெரிய எண்ணைப் பெருக்கறது சுலபம். விடையை மட்டும் குடுத்து, எதை எதைப் பெருக்கினேன்னு கேட்டா யாராலயும் சொல்ல முடியாது. சாதாக் கம்ப்யூட்டர் தேடிட்டே இருக்கும், சூரியனே அணைஞ்சு போயிரும். உலகத்துல பழைய பூட்டெல்லாம் அந்த ஒரு நம்பிக்கையிலதான் தொங்குது. நம்ம மிஷின் அப்படித் தேடாது. அந்த எண்ணுக்குள்ள ஒரு தாளம் ஓடிட்டிருக்கும். எத்தனை தட்டுக்கு ஒரு தடவை திரும்ப வருதுன்னு இது கேட்டுச் சொல்லீரும். அது தெரிஞ்சா சாவி கையில."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு பூட்டுக்கு நாற்பது நிமிஷம். பெங்களூர் லைன் நல்லா இருந்தா."

நான் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன். தோட்டங்களில் இருக்கும் எங்கள் கன்ட்ரோலர்கள் ஒன்றரை லட்சம். எல்லாவற்றிலும் அந்தப் பழைய பூட்டுதான், அத்தனைக்கும் சாவி ஒன்று; போட்டவளே நான்தான். நம்மைப் போல இன்னொருவன் மணிக்கணக்கில் மிஷின் வாடகைக்கு எடுத்தால், ஒரே நிமிடத்தில் அத்தனை மோட்டாரையும் ஓட விடலாம். ஈரோட்டிலிருந்து உடுமலை வரைக்கும் கரண்டு போய்விடும்.

ஆக எங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது. மிஷினை வைத்துப் புதிதாக எதையும் செய்வதல்ல. மிஷின் வந்துவிட்ட ஊரில் நம் பூட்டுகளை எல்லாம் மாற்றுவது. எந்தெந்தப் பூட்டு எங்கெங்கே தொங்குகிறது என்று கணக்கெடுக்க வேண்டும், எதை முதலில் மாற்றுவது என்று வரிசைப்படுத்த வேண்டும், ஊர் ஊராகப் போகிற ஆட்களைப் பழக்க வேண்டும். மூன்று வருடத் திட்டத்தை இரண்டே பக்கத்தில் எழுதினேன். அதில் அம்பே கிடையாது. என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல அறிக்கை அதுதான்.

டைரக்டர்கள் கொட்டாவி விட்டார்கள். "இதுவரைக்கும் ஒண்ணும் திருடு போகலையே?" என்றார் ஒருவர்.

கூட்டம் முடிந்ததும் எம்.டி. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பேப்பர்ல எழுதினா பயம் வராதுங்க மேடம். ஒரு பூட்டை உடைச்சுக் காட்டுங்க."

"லேப்ல ஒரு கன்ட்ரோலரை வெச்சு..."

"அதை யாரு பாப்பாங்க? 'மனசு' பொட்டி இருக்குதில்லீங்க, அதைத் திறங்க."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் திறந்திருப்பேன்.

'மனசு' பெட்டி என்ன என்று சொல்லிவிடுகிறேன். மொட்டைக் கடுதாசி எங்கள் தொழிற்சாலைகளில் வெகுகால வழக்கம். இடது கையால் எழுதி, வேறு ஊரில் தபாலில் போட்டு, சேர்மனுக்கு வந்துகொண்டே இருக்கும். பழைய சேர்மன், அதாவது இப்போதைய எம்.டி.யின் அப்பா, இதை எதற்கு ஒளித்துச் செய்ய வேண்டும் என்று 2024-ல் 'மனசு' என்று ஒரு செயலி போட்டார். யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றியும் எழுதலாம். எழுதியதை மூன்று பேர் கமிட்டி புதன்கிழமைதோறும் கூடிப் படிக்கும். எழுதியவர் பெயரை மட்டும் செயலி பூட்டிவிடும். பெயருக்குப் பெயர் தனிப் பூட்டு.

பெயரே இல்லாமல் செய்திருக்கலாம். ஆனால் நாளைக்கு கோர்ட்டில் கேட்டால் காட்ட வேண்டும், ஒரு வருடமாவது வைத்திருங்கள் என்றார் வக்கீல். அதனால் சாவிகள் எல்லாம் ஒரு பென் டிரைவில், கம்பெனி வாசல் பிள்ளையார் காலடியில், சீல் வைத்த டப்பாவில் இருந்தன. வருடம் முடிந்து ஆயுத பூஜை வந்தால், திருஷ்டிப் பூசணியில் ஓட்டை போட்டு குங்குமத்தோடு அந்த பென் டிரைவையும் உள்ளே போடுவார்கள். சேர்மனே தன் கையால் கேட்டில் உடைப்பார். சிதறியதன் மேல் எலுமிச்சம்பழத்தோடு சேர்த்து லாரியை ஏற்றுவார்கள். இரண்டாயிரம் பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். கண் முன்னால் நசுங்கிய சாவியை நம்பாமல் வேறு எதை நம்புவது? ஜனம் அள்ளி அள்ளி எழுதியது. பழைய சேர்மன் இருந்த வரை, ஆறு வருடத்தில் ஆறு பூசணி, 1,162 கடிதங்கள்.

சாவியை இவ்வளவு சிரத்தையாக நசுக்கிய நாங்கள், பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். எந்த ஆவணத்தையும் அழிக்கக் கூடாது என்று தணிக்கையில் சொல்லியிருந்தார்கள். சாவி இல்லாத பெட்டியால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அந்த 1,162-ல் ஒன்று நான் எழுதியது.

2027. எனக்கு முப்பத்திரண்டு வயது. டெஸ்ட் பெட், அதாவது மோட்டார்களைத் தண்ணீரில் முக்கி கசிவு சோதிக்கிற இடம், எங்கள் பிரிவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் சோதனைப் பலகையிலிருந்த முக்கியமான அட்டை ஒன்று ரிப்பேர் ஆகி என் மேசைக்கு வந்தது. நாள் முழுக்க என் மேசையில்தான் கிடந்தது. அது ஒரு சனிக்கிழமை. சாயங்காலம் பார்த்தால் பதினோரு மோட்டார் 'சோதித்தது, சரி' என்று கையெழுத்தோடு லாரி ஏறிக்கொண்டிருந்தது. அட்டை இல்லாமல் அந்தப் பலகை உயிரில்லாத தகரம். கசிவுள்ள மோட்டார் தோட்டத்துக்குப் போனால், ஈர வரப்பில் கால் வைப்பவருக்கு என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலைந்து நாள் தயங்கிவிட்டு, வியாழக்கிழமை சாயங்காலம் எழுதினேன். கையெழுத்துப் போட்டவர் டெஸ்ட் பெட் பொறுப்பாளர் சம்பத்குமார் என்று பெயர் சொல்லியே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கமிட்டி நன்றாகவே துருவியிருந்தது போலிருக்கிறது. பதினொன்று அல்ல, நாற்பது மோட்டார்களைத் திரும்ப வாங்கினார்கள். ஏழில் கசிவு இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆவதற்கு முன்னால் வந்துவிட்டன. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் தாண்டியது கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். வேலை போனவரைப் பார்க்கப் போகும்போது என்ன வாங்கிப் போவது என்று தெரியாமல், ஆஸ்பத்திரிக்குப் போகிறாற்போல ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிப் போனேன். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் மறு வருடம் கழுத்தை நீட்டினேன்.

ஆமாம், சம்பத் என் கணவர். சூலூரில் பம்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எங்கள் கம்பெனி பம்பு உட்பட எல்லாக் கம்பெனி பம்பும் பார்ப்பார். சந்தோஷமான மனிதர். மொட்டைக் கடுதாசியால் வேலை போன மற்றவர்கள் எழுதியவனை இன்றைக்கும் சாபம் விடுவார்கள். இவர் பதினான்கு வருடத்தில் ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசியதில்லை. காயம் அவ்வளவு ஆழம் என்று நினைத்து நானும் வாயைத் திறந்ததில்லை.

"சார், ஜனங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கோம்," என்று எம்.டி.யிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கு ஒருத்தர் பேரு தெரிஞ்சாப் போதுங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது. "கம்பி சுத்தற வைண்டிங் செக்‌ஷன்ல இருக்கற ஒரு பொம்பளை பேருகூட சேர்மனுக்குத் தெரியாதுன்னு ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. அப்பா அதைப் படிச்சுப்போட்டு ரெண்டு நாள் சாப்பிடலை. அப்பறம் இருநூத்திப் பன்னெண்டு பேரு பேரையும் மனப்பாடம் பண்ணினாரு. சாகற வரைக்கும், யாரு எழுதினாங்கன்னு தெரிஞ்சா நன்றி சொல்லோணும்னு சொல்லீட்டே இருந்தாரு."

அவர் அத்தோடு நிற்கவில்லை. ஊர்ப் பாசம் பொங்கி, கடிதங்களால் வேலை இழந்த எட்டுப் பேருக்கு அழைப்பு அனுப்பிவிட்டார். டைரக்டர்கள் கூட்டத்தில் பெட்டி திறக்கப்படும், வந்து நியாயம் பெற்றுக்கொள்ளுங்கள். ஓர் அழைப்பு என் வீட்டுக்கும் வந்தது.

சம்பத் அதை இரண்டு தரம் படித்தார். "நான் வரலை, வாணி."

"சரிங்க. வர வேண்டாம்," என்றேன் அவசரமாக.

சாப்பிடும்போது மறுபடி கேட்டார். "எல்லாப் பேரும் வருமா? ஒண்ணு விடாம?"

"வருமாட்டம் இருக்குங்க."

"அப்படின்னா வந்துதான் ஆகோணும்," என்றார். தட்டில் பாதி இட்லி அப்படியே இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சட்னி வேண்டுமா என்று கேட்டேன்.

மறுநாள் எம்.டி. ஆபீசிலிருந்து கடிதங்களின் நகல் வந்தது. பெயர்கள்தான் பூட்டியிருந்தன, எழுதியதைப் படிக்கலாம். முதல் வேலையாக என்னுடையதைத் தேடினேன். எண் 421. நாலே வரி. மேலே கண்ணை ஓட்டியபோது 418-ல் கை நின்றது. அதுவும் டெஸ்ட் பெட்டைப் பற்றி. தேதி அந்த வாரத்துத் திங்கட்கிழமை.

'நாற்பது மோட்டார்கள் சோதிக்காமல் போயிருக்கின்றன. சீரியல் எண்கள் கீழே. பொறுப்பாளர் சம்பத்குமார் கையெழுத்துப் போடுகிறார். சோதனைப் பலகை அடிக்கடி நின்றுபோகிறது. டெலிவரி தேதியைக் காட்டி மேலதிகாரிகள் கேட்டால் அவனால் மறுக்க முடியவில்லை. சேர்மன் படிக்க வைத்தவன் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவனாக நிறுத்த மாட்டான். அவனுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. தயவுசெய்து அவனை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.'

மூன்று தரம் படித்தேன். திங்கட்கிழமைக் கடிதம், புதன்கிழமைக் கமிட்டி, வெள்ளிக்கிழமை வேலை போயிற்று. நான் வியாழக்கிழமை சாயங்காலம் எழுதியபோது எல்லாம் முடிந்து போயிருந்தது. என் கடிதத்தை யாரும் படித்துக்கூட இருக்க மாட்டார்கள். பதினான்கு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனாற்போல இருந்தது. அவர் வேலையைத் தின்றது நானில்லை. வேறு யாரோ.

யார்?

வாக்கு, ஜனங்கள், நம்பிக்கை என்று எம்.டி.யிடம் அவ்வளவு பேசியவள் நான். அந்தக் கேள்வி வந்ததும் எல்லாம் பறந்துவிட்டது. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஷமீமாவிடம் போனேன். "ஒரு ஒத்திகை பாத்துரலாம். 418."

"ஏன் மேடம் 418?"

"சும்மாதான். ஏதோ ஒண்ணு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பெங்களூருக்கு வேலையை அனுப்பிவிட்டு நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். "பேரு வந்தா நீங்க பாத்துக்கங்க. எனக்குத் தெரிய வேண்டாம்." கடிகாரத்தில் நாற்பது நிமிடம் ஓடியது. பிறகு திரையில் ஓர் ஊழியர் எண்ணும் ஒரு பெயரும் வந்தன.

சம்பத்குமார், டெஸ்ட் பெட் பொறுப்பாளர்.

ஏதோ தவறு என்று முதலில் நினைத்தேன். யாரைப் பற்றி எழுதினார்களோ அந்தப் பெயர் தவறி வந்திருக்கிறது என்று. ஆனால் அது 'எழுதியவர்' என்ற கட்டத்துக்கு நேரேதான் இருந்தது. நாற்பது சீரியல் எண்ணும் வேறு யாருக்குத் தெரியும்? படிக்க வைத்த மனிதர் முன்னால் போய் நின்று, நான் இப்படிச் செய்துவிட்டேன் என்று சொல்ல வாய் வராமல், தன்னையே அவன் இவன் என்று மொட்டைக் கடுதாசி எழுதித் தன்னை வெளியே அனுப்பிக்கொண்ட மனிதரோடுதான் பதின்மூன்று வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவர் மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிடமே கூசிப் போனேன். அவர் எனக்குச் சொல்லாத ஒன்றை நான் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்திருக்கிறேன். எல்லாப் பெயரும் வருமா என்று அவர் கேட்டது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

"பாத்துட்டீங்களா?" என்றாள் ஷமீமா, சுவரைப் பார்த்தபடியே.

"ம்."

"மேடம், இந்த மிஷினை வெச்சு எந்தப் பூட்டை வேணா திறக்கலாம். தெரிஞ்சதைத் தெரியாம பண்றதுக்கு மிஷின் இல்லை. அதை உங்க திட்டத்துல எங்கயாச்சும் எழுதிருங்க."

எழுதவில்லை. ஆனால் கூட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது.

கூட்டத்தன்று ஒன்பது டைரக்டர்களும் வந்திருந்தார்கள். ஆறு பேர் இதே கம்பெனியில் சூப்பர்வைசராக, கிளார்க்காக ஆரம்பித்து மேலே வந்தவர்கள். சுவரோரம் எட்டு விருந்தாளிகள். சம்பத் கடைசி நாற்காலியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாத்தையும் திறக்க ஒரு மாசத்துக்கு மேல ஆகுங்க. இன்னைக்கு ஒண்ணு மட்டும்," என்றேன்.

"அப்பா நன்றி சொல்ல நெனைச்ச லெட்டர் எழுபத்தேழாம் நம்பருங்க," என்று எம்.டி. மெதுவாகச் சொன்னார்.

நான் 421 என்று அடித்தேன்.

நாற்பது நிமிடம். போண்டாவும் டீயும் வந்தன. முதலில் கேலியும் பேச்சுமாகத்தான் இருந்தது. 'மனசு' பெட்டி என்பது எல்லோருக்கும் உறைக்க உறைக்கப் பேச்சு குறைந்தது. கொள்முதல் டைரக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பவுண்டரி டைரக்டர் கையிலிருந்த போண்டாவைக் கடிக்கவே இல்லை. திரையில் பெயர் வந்தது.

கோகிலவாணி, கன்ட்ரோலர் பிரிவு.

எழுந்து நின்று கடிதத்தைப் படித்தேன். நாலு வரிதான். சம்பத்குமார் என்ற பெயர் வந்த இடத்திலும் நிறுத்தாமல் படித்து முடித்தேன். சுவர்ப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"பூட்டு உடையுமான்னு கேட்டீங்க. உடைஞ்சுருச்சுங்க," என்றேன். "நான் எழுதினதுங்கறதால நான் திறந்தேன். மத்தது என்னுது இல்லீங்க. அதைத் திறக்க எனக்கு உரிமை இல்லை, யாருக்கும் இல்லை. ஆனா பொட்டி இங்கயே இருந்தா, நாளைக்கு மணிக்கு இவ்வளவுன்னு வாடகை குடுக்கற யார் வேணா திறக்கலாம். இந்த ரூம்ல இன்னும் யாரெல்லாம் எழுதியிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியோணும்னா ஆளுக்கு நாற்பது நிமிஷம் போதும்."

எங்கள் கம்பெனியின் ஐம்பது வருட வரலாற்றில் இவ்வளவு வேகமாக எந்தத் தீர்மானமும் நிறைவேறியதில்லை. பெட்டியிலிருக்கும் பெயர்களை உடனே அழிப்பது என்று கொள்முதல் டைரக்டர் முன்மொழிந்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் பவுண்டரி டைரக்டர் போண்டாவோடு கையைத் தூக்கினார். தணிக்கை என்ன சொல்லும் என்று ஒருவர் கேட்டார். கேட்கும்போதே அவர் கையும் மேலே இருந்தது. கையோடு கையாக ஒன்றரை லட்சம் கன்ட்ரோலர்களுக்கும் பூட்டு மாற்றும் திட்டத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. மூன்று வருடம் எதற்கு, இரண்டு வருடத்தில் முடியாதா என்று வேறு கேட்டார்கள்.

எம்.டி. மட்டும் கையைத் தூக்காமல் இருந்தார். "நன்றி சொல்றதுக்குத்தானுங்க கேட்டேன்," என்றார்.

"நன்றி சொல்லத் திறந்தாலும், பழி வாங்கத் திறந்தாலும் பொட்டி ஒரே பொட்டிதானுங்க சார். நோட்டீஸ் போர்டுல நாலு வரி எழுதிப் போடுங்க. எழுதினவங்க படிப்பாங்க."

அவர் எழுபத்தேழாம் கடிதத்தின் நகலை மடித்துப் பையில் வைத்தார். பிறகு கையைத் தூக்கினார். அவர்கள் கண் முன்னாலேயே ஷமீமா 1,162 பெயர்களையும் அழித்தாள். பூசணி இல்லை, லாரி இல்லை. அதற்கு நாலு நொடி ஆனது.

காரை நான்தான் ஓட்டினேன். சம்பத் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவிநாசி ரோட்டுச் சிக்னலில் வண்டி நின்றது.

"ஆப்பிள் வாங்கீட்டு வந்தியே, அந்த லெட்டருக்கோசரந்தானா?" என்றார்.

"முதல்ல அதுக்கோசரந்தாங்க. அப்பறம் இல்லை."

"ம்." வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கிழமை எழுதினே?"

"வியாழக்கிழமை. சாயங்காலம்."

விரல் விட்டு எண்ணுவது தெரிந்தது. பிறகு பெரிதாக மூச்சு விட்டார். "அப்படின்னா உன்னால இல்லை, வாணி. கமிட்டி புதன்கிழமை. உனக்கு முன்னாடியே ஒருத்தன் எழுதிப்போட்டான். நீ இத்தனை வருஷம் மனசைப் போட்டு அலட்டிக்காம இருந்திருக்கலாம்."

"யாருங்க எழுதியிருப்பாங்க?" என்றேன். கேட்டுத்தான் ஆக வேண்டும். தெரியாதவளாக இருந்தால் கேட்டிருப்பேன்.

"யாரோ. இனி எப்படித் தெரியும்? அழிச்சுப்போட்டீங்களே."

"ஆமாங்க. அழிச்சாச்சு."

சிவப்பு விளக்கில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"யாரா இருந்தாலும், அது பயந்தாங்கொள்ளி எழுதினது இல்லைங்க," என்றேன். "நாற்பது வீட்டைக் காப்பாத்தினவங்க. எனக்கு அவங்க மேல ரொம்ப மரியாதை."

சம்பத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவில்லை.

"நாற்பதுன்னு உன் லெட்டர்ல இல்லையே," என்றார்.

"திரும்ப வந்தது நாற்பதுதானுங்களே. ஊருக்கே தெரியும்."

அவர் கியர் மேலிருந்த என் கையின் மேல் தன் கையை வைத்தார். பச்சை விழுந்து பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். இரண்டு பேருமே கையை எடுக்கவில்லை.